உப்புக் காற்று ஊரில் ஒரு பழைய கார்

திருகோணமலையில் பழைய கார் பார்க்கப் போகிறவர் முதலில் குனிய வேண்டும். பொனெட்டைத் திறப்பதும் மீற்றரைப் பார்ப்பதும் ஏசி குளிர்கிறதா என்று கையை நீட்டுவதும் பிறகு நடக்கலாம். அதற்கு முன் கதவுப் படியின் அடிப்பக்கத்தில் விரலை விட்டு, முன் சில்லுக்குப் பின்னாலிருந்து பின் சில்லு வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டு போக வேண்டும். விரலில் மண் ஒட்டினால் கவலையில்லை. தகடு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து செந்நிறத் தூளாகக் கையில் வந்தால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் விலை பேச அவசரப்பட வேண்டாம்.

உப்புவெளி, உவர்மலை என்று எங்கள் இடப்பெயர்களிலேயே உப்பு இருக்கிறது. நகரத்தின் ஒரு பக்கம் உள் துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். காற்றோடு வந்து தகட்டில் படியும் உப்பு, மழை பெய்யாத நாளிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தன்னோடு வைத்துக்கொள்ளும். அந்த ஈரமும் உப்பும் சேர்ந்த படலத்தின் கீழே இரும்பு இரவும் பகலும் கறள் பிடிக்கிறது. ஆகவே கடலுக்குத் தள்ளியுள்ள குருநாகலில் கொட்டகைக்குள் நின்ற 1997 ஆம் ஆண்டுக் காரும் நிலாவெளிக் கடற்கரையோரம் வெளியில் நின்ற 1997 ஆம் ஆண்டுக் காரும் பதிவுப் புத்தகத்தில் மட்டுமே ஒரே வயதுடையவை. எங்கள் ஊரில் காரின் உண்மையான வயதைச் சொல்வது அதன் தகடுதான்.

இதை நான் கைக்காசு கொடுத்துக் கற்றேன். என் முதல் கார், எல்லோரும் ‘பொக்ஸ் லான்சர்’ என்று அழைக்கும் 1980களின் மிட்சுபிஷி. ஆவணியில் வாங்கியபோது புதுப் பெயின்ற் பளபளத்தது. எஞ்சினும் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. கார்த்திகையில் வாடை மழை தொடங்கியது. தண்ணீர் தேங்கிய ஓர் ஒழுங்கையால் ஓட்டிச் சென்றபோது என் இடது கால் சில்லிட்டது. வீட்டுக்கு வந்து கால் விரிப்பைத் தூக்கினால், அதன் கீழே தார்த்தாள் ஒன்று அழகாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்தை நகத்தால் உரித்தபோது உள்ளங்கை அளவு ஓட்டை தெரிந்தது. ஓட்டைக்குள் என் வீட்டு முற்றத்து மணல் தெரிந்தது. கிண்ணியாவில் கராஜ் வைத்திருந்த நானா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பனரின் பிடியால் அடித்தளம் முழுவதையும் தட்டிக் கேட்டுவிட்டு, “தம்பி, எஞ்சின் போனா பஞ்சிகாவத்தையில இன்னொண்டு வாங்கி வைக்கலாம். தகடு போனா என்னத்த வைக்கிறது?” என்றார். பஞ்சிகாவத்தை, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பகுதி. டிங்கரிங் வேலைக்கும் பெயின்ற்றுக்கும் நான் கொடுத்த தொகை, காரை வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இனி வருவதெல்லாம் அந்தத் தார்த்தாளுக்குப் பிறகு நான் கடைப்பிடித்து வரும் ஒழுங்கு.

எந்தக் கார்?

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. வந்த பிறகும் வரிச்சுமை பெரிது. ஆகவே வேறு நாட்டில் பழைய இரும்புக்குப் போயிருக்கக்கூடிய கார்களுக்கும் இங்கே நல்ல விலை உண்டு. விலை கூடியிருப்பதால் கார் தரமானது என்று எண்ணிவிடக் கூடாது.

முதன்முறை வாங்குபவர் அழகையோ அருமையையோ பார்க்காமல், வீதியில் அதிகம் ஓடுகின்ற மாதிரியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. நிசான் சன்னியில் எஃப்.பி. 13, 14, 15 வகைகள், டொயோட்டா கொரோல்லாவில் 110, 121 வகைகள், ஸ்டார்லெட், மாருதி 800, சுசுகி அல்டோ ஆகியவற்றுக்குத் திருகோணமலையிலேயே உதிரிப்பாகம் தேடலாம். கிடைக்காததைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்து இரவு பஸ்ஸில் வரவழைக்கலாம். அதைவிட முக்கியம், இந்தக் கார்களை எந்தக் கராஜிலும் ஏற்கெனவே பத்துத் தடவை கழற்றிப் பூட்டியிருப்பார்கள். ஐரோப்பியக் கார் ஒன்று மலிவாக வருகிறது என்றால், அதன் உரிமையாளர் ஒரு சென்சருக்காக இரண்டு மாதம் காத்திருந்து அலுத்துப்போனவராக இருக்கலாம். பழைய ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரியின் ஆயுள் முடியும் தறுவாயில் விற்பனைக்கு வருபவை உண்டு. முதல் காராக அதைத் தொடாதிருப்பது என் ஆலோசனை.

ஒரே மாதிரியிலும் வேறுபாடுகள் இருக்கின்றன. பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேற்றர் உள்ள பழைய எஞ்சினைச் சீராக வைத்திருக்கக் கைப்பழக்கமுள்ள மெக்கானிக் வேண்டும். அத்தகையவர்கள் இப்போது வயதானவர்கள். ஆகவே எரிபொருளை ஊசிமூலம் செலுத்தும் இ.எஃப்.ஐ. எஞ்சின் தொடக்கநிலையாளருக்குச் சுலபம். எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க வைப்பது ரைமிங் செயினா பெல்ட்டா என்பதையும் கேட்டு வையுங்கள். சன்னி எஃப்.பி. 14இல் உள்ள ஜி.ஏ. 15 எஞ்சினும் கொரோல்லா 121இல் உள்ள 1என்.இசட். எஞ்சினும் செயின் வகை. கொரோல்லா 110இல் பரவலாக உள்ள 5ஏ எஞ்சின் பெல்ட் வகை. அந்தப் பெல்ட்டை ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் காருக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். வாங்கிய முதல் மூன்று மாதத்தில் அது எப்படியும் செலவாகும்.

பகலில், காய்ந்த நிலையில், ஆறிய எஞ்சினோடு

மழையில் நனைந்த காரைப் பார்க்கப் போகாதீர்கள். ஈரம் எல்லாப் பெயின்ற்றையும் ஒரே நிறமாகக் காட்டும். காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லி, முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் பொனெட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் அது எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவர் விரும்பவில்லை.

முதலில் தகடு. துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். அதைக் கூரையில் வைத்தால் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கைக்குத் தெரியும். அதே இழுவை சில்லு வளைவுகளிலும் கதவுகளின் கீழ் விளிம்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் வழுக்கி விழுகின்ற இடத்தில் தகடு இல்லை, பூசி மினுக்கிய புட்டிதான் இருக்கிறது. அடுத்து டிக்கியைத் திறந்து, மேலதிகச் சில்லைத் தூக்கி வெளியே வையுங்கள். பலர் காரைக் கழுவும்போதும் விற்கும்போதும் மறந்துபோகும் குழி அது. தண்ணீர் நின்ற அடையாளமும் பின்னால் மோதுண்டு தட்டி எடுத்த சுருக்கமும் அங்கேதான் அகப்படும். பொனெட்டைத் திறந்து, முன் ஷொக் அப்சோபர்களின் மேல்முனை பூட்டியிருக்கும் வட்டமான மேடைகளையும் பற்றரித் தட்டின் அடியையும் பாருங்கள். மேடையைச் சுற்றி வெடிப்போ ஒட்டுத் தகடோ இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். சில்லைத் தாங்கும் இடம் அது. முன் கண்ணாடியின் கீழ் றப்பர் ஓரத்தில் கொப்புளம் இருந்தால் உள்ளே கறள் ஓடியிருக்கிறது. கால் விரிப்புகளை நான்கு இடத்திலும் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதிக்காதவரிடம் தார்த்தாள் இருக்கலாம்.

புதுப் பெயின்ற் அடித்த கார் என்றால் கதவு றப்பர்களின் மடிப்பிலும் கண்ணாடி ஓரங்களிலும் பெயின்ற் தூறல் படிந்திருக்கிறதா என்று தேடுங்கள். பெயின்ற் அடிப்பது குற்றமல்ல, எதை மறைக்க அடித்தார்கள் என்பதே கேள்வி. விற்பனைக்கு ஒரு மாதம் முன்பு அடிக்கப்பட்ட பெயின்ற்றைவிட, வெயிலில் மங்கிப்போன பழைய பெயின்ற்றே எனக்கு நம்பிக்கை தருகிறது.

வெள்ளத்தில் நின்ற காரை இனங்காண்பது இப்போது தனிக் கவனத்துக்குரியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் நாட்டின் பல மாவட்டங்களில் வாகனங்களை மூழ்கடித்தது. அவற்றில் துடைத்துக் காயவைத்து விற்கப்படுபவை எந்த ஊருக்கும் வரலாம். இருக்கைப் பட்டியை முடிவு வரைக்கும் இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு அழியாமல் இருக்கும். இருக்கையின் கீழுள்ள ஆணிகள் மட்டும் கறள் பிடித்திருப்பதும், முன் விளக்குகளுக்குள் மங்கலான நீர்மட்டக் கோடு தெரிவதும், ஏசியைப் போட்டவுடன் புழுங்கல் நாற்றம் வருவதும் அதே கதையைச் சொல்கின்றன. காருக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், கண்ணாடிகளைப் பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு மறுபடி ஏறி மூச்சிழுத்துப் பாருங்கள்.

பிறகுதான் எஞ்சின். ஆறிய நிலையிலேயே ரேடியேற்றர் மூடியைத் திறவுங்கள். சூடான எஞ்சினில் ஒருபோதும் அதைத் தொடக் கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ற், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், தெரிந்தால் நல்லது. தேநீர் நிறத் தண்ணீர் தெரிந்தால், இவ்வளவு காலமும் வெறுந்தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், உட்பக்கம் கறள் பிடித்திருக்கிறது என்று பொருள். ஒயில் மூடியின் அடியில் பால்கட்டி போன்ற படிவு கண்டால் ஒயிலும் தண்ணீரும் கலந்திருக்கக்கூடும். அது எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டின் கீழுள்ள அடைப்பை, ஹெட் காஸ்கற்றை, மாற்றும் வேலை, பெரிய செலவு. ஸ்டார்ட் செய்யும்போது நண்பர் ஒருவரைச் சைலன்சருக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். கரும்புகை பெற்றோல் மிகையாகப் போவதைக் காட்டும். வெண்புகை சற்று நேரத்தில் அடங்காமல் இனிப்பு மணத்தோடு தொடர்ந்தால் கூலன்ற் எரிகிறது.

மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நான் பெரிதாக மதிப்பதில்லை, அது திருப்பப்படக்கூடியது. பிரேக் மிதியின் றப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் அமுங்கி, ஸ்டியரிங் மினுமினுத்துக் கிடக்கும் காரில் மீற்றர் 80,000 என்று காட்டினால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் செய்யப்பட்டது. பூ தேயாமல் நிறைந்திருந்தாலும் எட்டு வருடத்தைத் தாண்டிய ரயருக்குப் புது ரயரின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

ஐந்து நிமிட ஓட்டம் எதையும் காட்டாது. அரை மணி நேரமாவது கேளுங்கள். உவர்மலை ஏற்றம் நல்ல பரீட்சைக்களம். கியர் மாற்றி ஏறும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளச் தேய்ந்திருக்கிறது. ஒட்டோ கியர் என்றால், நின்ற நிலையில் பிரேக்கை மிதித்தபடி முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் பாருங்கள். ஓரிரு விநாடி தாமதித்துத் திடுமெனக் குலுங்கினால் கவனம் தேவை. பிறகு அநுராதபுர வீதியின் நேரான பகுதியில், பின்னால் வாகனம் இல்லாதபோது, ஸ்டியரிங்கை மெல்லப் பிடித்துக்கொண்டு கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். பிரேக் பிடிக்கும்போதும் அப்படியே. கரடுமுரடான ஒழுங்கை ஒன்றில் கண்ணாடிகளை இறக்கி, பாட்டை நிறுத்தி ஓட்டினால், கீழிருந்து வரும் ஒவ்வொரு தட்டலும் காதில் விழும்.

அதன் பிறகு செய்யும் சோதனையைத்தான் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள். ஓடிச் சூடான காரை நண்பகல் வெயிலில் நிறுத்தி, ஏசியை முழுதாகப் போட்டு, எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊரில் வெப்பம் 35 பாகையைத் தாண்டும். அந்த வெயிலில் ரயில் கடவையிலோ சந்தையடியிலோ நிற்க நேரும்போது, ஓடும் காற்று இல்லாத ரேடியேற்றரை விசிறி மட்டுமே காப்பாற்றுகிறது. வெப்பமுள் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும், விசிறி ஒழுங்காக இயங்க வேண்டும். முள் மெல்ல ஏறத் தொடங்கினால் எஞ்சினை நிறுத்திவிட்டு நன்றி சொல்லிப் புறப்படுங்கள்.

நீங்களே எல்லாவற்றையும் பார்த்த பிறகும், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை, அவருக்குரிய கூலியைக் கொடுத்து, அழைத்துச் சென்று காரை ஜாக்கியில் தூக்கிக் காட்டுங்கள். விற்பவரோ புரோக்கரோ அறிமுகப்படுத்தும் மெக்கானிக் வேண்டாம்.

பத்திரங்கள்

காரைவிடப் பத்திரத்தில் ஏமாறுவது சுலபம், மீள்வது கடினம். வாகனப் பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். போட்டோப் பிரதி போதாது. அதிலுள்ள செஸி இலக்கத்தை, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டில் குத்தப்பட்டிருக்கும் இலக்கத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் அவ்வாறே பாருங்கள். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது பதிவில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இலக்கம் கறள் பிடித்து வாசிக்க முடியாமல் இருப்பதும் எங்கள் ஊரில் சாதாரணம். அதைச் சீராக்கும் பொறுப்பு விற்பவருடையது. சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயரோ வங்கியின் பெயரோ இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வந்து, அந்தப் பெயர் நீக்கப்படும் வரை முற்பணமும் கொடுக்கக் கூடாது. வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றும் நடப்பில் உள்ளனவா என்றும் பாருங்கள். பல வருடம் அனுமதிப்பத்திரம் எடுக்காத காரின் நிலுவை உங்கள் தலையில் விழக் கூடாது.

‘ஓபன் பேப்பர்’ என்று சொல்லப்படும் வழக்கம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பதிவிலுள்ள உரிமையாளர் மாற்றப் படிவங்களில் கையெழுத்திட்டு, வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் கொடுத்துவிடுகிறார். கார் இரண்டு மூன்று கை மாறிய பிறகும் அதே தாள்கள் காரோடு போய்க்கொண்டிருக்கும். மாற்றக் கட்டணமும் அலைச்சலும் மிச்சம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் பதிவிலுள்ளவர் இறந்துவிட்டால், வெளிநாடு போய்விட்டால், அல்லது கையெழுத்து என்னுடையதல்ல என்று சொல்லிவிட்டால், பணம் கொடுத்த காருக்கு நீங்கள் சட்டப்படி உரியவரல்ல. மறுபுறத்தில், விற்ற கார் விபத்துக்குள்ளானால் பொலிஸ் தேடி வருவது பதிவிலுள்ளவரின் வீட்டுக்கு. இருவருக்கும் கேடான இந்த வழக்கத்துக்குள் முதல் காரோடு நுழைய வேண்டாம். பதிவிலுள்ள உரிமையாளரை நேரில் கண்டு, அவருடைய அடையாள அட்டையைச் சான்றிதழோடு ஒப்பிட்டு, எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களை உங்கள் முன்னிலையில் நிரப்பிக் கையெழுத்து வாங்கி, தாமதிக்காமல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். முற்பணம் கொடுத்தால், சிறு தொகையானாலும், வாகன இலக்கமும் திகதியும் மொத்த விலையும் எழுதிய பற்றுச்சீட்டு வேண்டும்.

வாங்கிய முதல் மாதம்

இதற்கு முன் என்ன செய்யப்பட்டது என்ற கேள்விக்கு விற்பவர் சொல்லும் பதில்களை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, எதுவும் செய்யப்படவில்லை என்று வைத்துத் தொடங்குங்கள். எஞ்சின் ஒயில், ஒயில் பில்ற்றர், எயர் பில்ற்றர், பிளக் ஆகியவற்றை முதல் கிழமையிலேயே மாற்றுங்கள். பெல்ட் வகை எஞ்சின் என்றால், எப்போது மாற்றியது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லாத நிலையில், ரைமிங் பெல்ட்டையும் டென்ஷனரையும் முன் சீல்களையும் ஒருசேர மாற்றுங்கள். பிரேக் திரவம் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. எங்கள் ஈரக் காற்றில் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக வடித்து, மூடியில் குறிப்பிட்டபடி டொட் 3 அல்லது டொட் 4 ஊற்ற வேண்டும்.

குளிரூட்டும் அமைப்பில் கஞ்சத்தனம் கூடாது. பழைய தண்ணீரை வடித்து, சுத்தமான நீரால் பலமுறை கழுவி, உரிய கூலன்ற் ஊற்றுங்கள். விரல் அழுத்தினால் மொறுமொறுக்கும் குழாய்களையும் ரேடியேற்றர் மூடியையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கடலோரக் கிணற்று நீரை ரேடியேற்றரில் ஊற்றவே கூடாது, அது உவர். கார் சூடாகிறது என்று சொன்னவுடன், வெப்பத்துக்கேற்பக் கூலன்ற் ஓட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிடுவது பல கராஜ்களில் கைவழக்கம். அதனால் உண்மையான கோளாறு சில மாதம் மறைந்திருக்கும், எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாமல் பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். கழற்றப்பட்டிருந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

பற்றரியைச் சோதிக்கச் சிறிய மின்மானி போதும். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையிலும் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடியும் 13க்குக் கீழே நின்றால் பற்றரியைக் குறை சொல்லாமல், அதற்கு மின்னேற்றும் ஒல்ற்றனேற்றரைப் பாருங்கள். பற்றரி முனைகளில் வெள்ளைப் பூப் பூத்திருந்தால் சுடுநீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, கிறீஸ் பூசுங்கள். எங்கள் ஊரில் அது அடிக்கடி பூக்கும்.

வருடம் முழுவதும்

எஞ்சின் ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கோ ஆறு மாதத்துக்கோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். கிழமைக்கு ஒரு நாள், காலையில், எஞ்சின் ஆறியிருக்கையில், ஒயில் அளவுகோலை உருவிப் பார்ப்பதும், கூலன்ற் மட்டத்தைப் பார்ப்பதும், கார் நின்ற இடத்தில் சொட்டுக் கிடக்கிறதா என்று குனிவதும் ஐந்து நிமிட வேலை. சொட்டைக் கண்டால் விரலால் தொட்டுப் பாருங்கள்: கறுத்து வழுக்கினால் எஞ்சின் ஒயில், சிவந்து வழுக்கினால் கியர் அல்லது ஸ்டியரிங் ஒயில், பச்சையாகவோ சிவப்பாகவோ இனித்த மணத்தோடு இருந்தால் கூலன்ற், வெறும் தண்ணீர் என்றால் ஏசியின் ஈரம், கடைசியானது மட்டுமே கவலைக்குரியதல்ல. ரயர்க் காற்றை ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய அளவு அழிந்துபோயிருந்தால், சிறிய கார்களுக்கு 30 முதல் 33 பி.எஸ்.ஐ. வரை வைத்துக்கொள்ளலாம்.

கொழும்புப் பயணம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கந்தளாயைத் தாண்டினால் ஹபரணை வரைக்கும் காட்டு வீதி, மாலை சாய்ந்தால் யானை நிற்கும். அந்த இடத்தில் பொனெட்டைத் திறந்துகொண்டு நிற்கும் அனுபவம் யாருக்கும் வேண்டாம். புறப்படும் முன் மேலதிகச் சில்லில் காற்று, ஜாக்கி, சில்லுச் சாவி, ஐந்து லீற்றர் நல்ல தண்ணீர், விசிறிப் பெல்ட் ஒன்று, கைவிளக்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பமுள் ஏறுவதைக் கண்டால் ஏசியை அணைத்து, வசதியான முதல் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அடுத்த ஊர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டிய பத்து நிமிடத்தில்தான் ஹெட் வளைந்துபோகிறது.

இனி மீண்டும் உப்பு. கிழமைக்கு ஒருமுறை காரைக் கழுவ வேண்டும், அதுவும் குழாய் நீரில். கடலோரக் கிணற்று நீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். மேற்பக்கத்தைப் பளபளக்கச் செய்வதைவிடச் சில்லு வளைவுகளின் உட்புறத்திலும் அடித்தளத்திலும் குழாயைப் பிடிப்பதே முக்கியம். நிலாவெளியிலோ மார்பிள் கடற்கரைப் பக்கமோ ஒரு நாள் நிறுத்தினாலும், வீடு திரும்பிய அன்றே அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள். ஈர மணலில் சில்லுப் பதிய ஓட்டிப் படம் எடுக்கும் ஆசை இருந்தால் நண்பருடைய காரில் வைத்துக்கொள்ளலாம். நனைந்த காரைத் தார்ப்பாயால் இறுக மூடக் கூடாது. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியில் நிற்பதைவிட வேகமாகத் தகட்டைத் தின்னும். கூரை மட்டுமுள்ள, நான்கு பக்கமும் காற்றோடும் கொட்டகையே சிறந்தது. கீறல் விழுந்து தகடு வெளித்தெரிந்தால், சிறு புள்ளியானாலும், அன்றே சுரண்டி, கறள் தடுப்புப் பூசி, பெயின்ற் தொட்டுவிடுங்கள்.

புரட்டாதி மாதம், வாடை மழைக்கு முன், அடித்தளத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். காரைத் தூக்கி, நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, பழைய பூச்சு உதிர்ந்த இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிறகு அண்டர்சீல் என்னும் கறள் தடுக்கும் அடிப்பூச்சை அடிக்க வேண்டும். காயாத தகட்டின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கராஜில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த இரண்டு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள். கதவுகளின் அடிவிளிம்பில் மழைத்தண்ணீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். அண்டர்சீலோ மண்ணோ அவற்றை அடைத்திருந்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்து வெளியே கறள் வரும். மெல்லிய கம்பியால் ஒவ்வொரு துளையையும் குத்தித் திறந்துவிட்டு, கதவின் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அது கீழே ஒழுகி வருவதைக் கண்ணால் கண்ட பிறகு அடுத்த கதவுக்குப் போகலாம்.